பின்பக்கமா ஏறுன தண்ணி

பைபர் படகு வேலை பார்த்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பேசிக்கொண்டே முழங்கையைச் சொறிவார்கள்; தோலில் ஏறிய பைபர் தூளின் அரிப்பு லேசில் போகாது. சொறியும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இது.

போன லீவு முழுக்கக் கோட்டைப்பட்டினம் கரையில் சித்தப்பாவின் பழைய படகோடு கிடந்தேன். இன்ஜின் மாட்டுகிற பின்பலகை அதில் ரொம்பத் தாழ்வு. ஓட்டத்தில் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், துரத்தி வருகிற அலை அப்படியே உள்ளே ஏறிவிடும். ஒருநாள் சித்தப்பா வலையோடு முங்கப் பார்த்துத் தப்பி வந்தார். சித்தி கெடு வைத்துவிட்டார்: ஆடிக் காற்றுக்குள் பின்பக்கம் சரியாக வேண்டும், இல்லையென்றால் படகை விற்றுவிட்டு சித்தப்பா துபாய்க்குக் கிளம்ப வேண்டும்.

ரஸ்க்

பைபர் வேலைக்கு வந்த பாய், கிரைண்டரால் பின்பலகையின் தோலைக் கிழித்தார். உள்ளே இருந்த கட்டையை விரலால் தோண்டினேன். டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. சித்தப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“இத நம்பியாடா இத்தன வருசமா இன்ஜின மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்?”

சித்தி குரல்

பைபரை ஒட்டவைக்கிற ரெசின் பசைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. சித்தப்பாவுக்கோ பீடி இல்லாமல் ஆகாது. அவர் பற்றவைத்ததும், நான் படகுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு சித்தி மாதிரியே குரலை எடுத்துவிட்டேன்: “ஏங்க, அங்கிட்டு என்ன பொகை?”

“ஒண்ணுமில்ல புள்ள, பாய் என்னமோ கலக்குறாரு!” என்று பீடியை மணலுக்குள் புதைத்துவிட்டு விறைப்பாக நின்றார் சித்தப்பா. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், கலக்கி வைத்திருந்த ரெசினை மறந்தே போனார். திரும்பிப் பார்த்தால் மக்கோடு பிரஷ்ஷும் கல்லாகியிருந்தது. அதைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்.

“தம்பி, ஒஞ் சித்தி கொரலக் கேட்டு ரெசினே ஒறைஞ்சு போச்சு பாத்தியா!”

நுரை

புதுப் பலகையை ஒரு சாண் உயர்த்திக் கட்டினோம். இனி எந்த அலை ஏறும்? மூன்று பேருக்கும் தாங்க முடியாத பெருமை. கடலில் இறக்கி ஸ்டார்ட் செய்தால், படகு நகரவே இல்லை. பலகை ஒரு சாண் உயர்ந்தால் அதில் தொங்குகிற இன்ஜினும் ஒரு சாண் உயரும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை! விசிறி பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாகச் சுற்றி நுரை கடைந்தது. இன்ஜின் ‘ஙீஈஈ’ என்று அலற, நானும் கூடவே அலறிக் காட்டினேன். அடி வாங்கினேன்.

அப்புறம் பாய் வேறு வழி சொன்னார். இன்ஜினுக்கு மட்டும் நடுவில் பழைய அளவுக்கே வெட்டிவிட்டு, அதற்கு முன்னால் குறுக்காக ஒரு தொட்டி. வெட்டு வழியாக ஏறுகிற தண்ணீர் தொட்டியில் விழுந்து, பின்பக்க ஓட்டைகள் வழியாகக் கடலுக்கே போய்விடும். சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

“அப்ப, வர்ற தண்ணிக்கு ரூம் போட்டுக் குடுக்குறோமா பாய்?”

சேலை

வெள்ளோட்டத்தன்று எல்லோருக்கும் முன்னால் சித்தி படகில் ஏறி, தொட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். “பொம்பள எதுக்குப் படகுல...” என்று ஆரம்பித்த சித்தப்பாவிடம், “சேலை நனைஞ்சா படகு வித்தாச்சு. ஓட்டுங்க” என்றார்.

முழு வேகத்தில் போய், சித்தப்பா சட்டென்று குறைத்தார். அலை துரத்தி வந்தது. வெட்டு வழியாக ஏறித் தொட்டியில் ‘தொப்’பென்று விழுந்து, ஒரு சுற்று சுற்றி, மடக் மடக்கென்று வெளியே போனது. சித்தப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. சித்தி முந்தானையைத் தடவினார், கொசுவத்தைத் தடவினார். பிறகு கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ராத்திரிக் கொழம்புக்கு மீன் வருமா, இல்ல இப்புடி சும்மா சுத்திக்கிட்டுத்தான் இருப்பீங்களா?”

இப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த இன்ஜின் அலறலைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முழங்கை அரிப்பு நின்றுவிட்டதே என்று வருத்தப்படுகிற ஒரே ஆள் இங்கே நான்தான்.