சிவப்புக்கல் தோடும் பொட்டு வைத்த டம்ளரும்

எண்பதுகளின் நடுவில், என் மகன் வயிற்றில் இருந்தபோதுதான் என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போன இடத்தில் எல்லாருக்கும் எடுப்பதுபோல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒருநாளும் கண் மஞ்சளானதில்லை, ஒருவேளைச் சோறு இறங்காமல் போனதில்லை. தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஜாலான் புசார் வீட்டுக்கு நடந்தே வருகிறவள் நான். எனக்கு நோயாம்!

வீட்டில் நான், என் கணவர், அவருடைய அக்கா ஆகிய மூன்று பேர். தம்பியை ஆளாக்குவதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர் அண்ணி. வீடு அவர் சொல்படிதான் நடக்கும். செய்தி வந்த மறுநாள் என் டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு இருந்தது. தட்டிலும் ஒன்று. எச்சிலில் ஒட்டிக்கொள்ளுமாம். என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டாரா? பால் டின்னும் புட்டிகளும் வாங்கி அலமாரியில் அடுக்கினார். பிள்ளைக்கு நான் பால் கொடுக்கக் கூடாது, தானே புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். டம்ளரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையை எப்படி விட்டுக்கொடுப்பது?

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, என் பேச்சை நம்பாமல் அண்ணியும் கூடவே வந்தார். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, பொறுமைசாலி. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். இந்தக் கிருமி தானாக ஈரலை அரிப்பதில்லையாம். நம் உடம்பின் காவல் அணுக்கள்தான், கிருமி ஒளிந்திருக்கும் ஈரல் அணுக்களைத் தேடிப்போய் அடிக்கின்றன. ஈரல் புண்ணாவது அந்தச் சண்டையில்தான். வளர்ந்தவர்களைப் பிடித்தால் பெரும்பாலும் சண்டை முடிந்து கிருமி ஒழிந்துவிடும். பிறக்கும்போதே தொற்றினால், பிஞ்சு உடம்பின் காவல் அணுக்களுக்கு அது எதிரியென்று தெரியாது. வீட்டு ஆள் என்று விட்டுவிடும். எனக்கும் என் அம்மாவிடமிருந்து அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்றார். என்றைக்காவது அந்தக் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு சண்டையைத் தொடங்கலாம், அதனால் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டால் அதன் உடம்பு முன்கூட்டியே ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். நான் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

என் உடம்பு வீட்டு ஆளாக வைத்துக்கொண்ட ஒன்றைக் காட்டித்தான் என்னை என் வீட்டில் வேற்றாள் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கோபத்தில், எங்கள் வீட்டில் டம்ளரைக்கூடப் பிரித்தாகிவிட்டது என்று டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். தட்டிலும் டம்ளரிலும் ஒன்றுமில்லை, ரத்தம் படுகிற பொருள்களைத்தான் பகிரக் கூடாது என்றார் அவர். சவரப் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் என்று சொல்லி, கடைசியில் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் கை தன் காதுக்குப் போய்விட்டது. அவர் போட்டிருந்தது என் சிவப்புக்கல் தோடு. கோயிலோ கல்யாணமோ, வெளியே கிளம்பினால் அதைத்தான் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார். என் எச்சில் ஆகாது, என் தங்கம் மட்டும் ஆகுமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அண்ணிக்கும் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை, அதை எதிர்க்கும் சக்தியும் இல்லை, ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊசியென்றால் தனக்கு ஆகாது என்று மழுப்பிவிட்டார். தோட்டைக் கழற்றித் தந்தவர் டம்ளரிலிருந்த பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

மகன் பிறந்தான். அன்றைக்கே ஊசி போட்டார்கள். நான் மார்பில் எடுத்து வைத்துக்கொண்டபோது அண்ணி கட்டிலருகே நின்று, "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது உன் பாலாலதான்" என்றார். அந்த ஒரு வருடமும் நான் பயந்துகொண்டேதான் பால் கொடுத்தேன். டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரியும், மனசு கேட்க வேண்டாமா? அவன் கண்ணின் வெள்ளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

அவனுக்கு ஒரு வயதானதும் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை, எதிர்க்கும் சக்தி நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே காத்தோங் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற அண்ணி பழக்கதோஷத்தில், "அந்தச் செவப்புக்கல் தோட்டக் கொஞ்சம் குடேன்" என்றார்.

"தோடு தரமாட்டேன், அண்ணி. தண்ணி வேணும்னா என் டம்ளர்ல குடிங்க."

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். பொட்டு வைத்த டம்ளரில் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்து முழுவதும் குடித்தார்.

"நாளைக்கு என்னையும் ஊசிக்குக் கூட்டிட்டுப் போ லா" என்றார்.