கம்பிக்கதவு வழியே வந்த ஆல்பம்

குழந்தை கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம். நைனார்பாளையம் வீட்டில் நானும் கைக்குழந்தையும் மட்டும் இருந்தோம். தோளில் பையோடு ஒரு அம்மாள் வந்து, "மங்களம்மா வூடு இதானுங்களா?" என்றார்.

மங்களம் என் கணவரின் கொள்ளுப்பாட்டி. இறந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அந்தப் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்? கம்பிக்கதவைப் பூட்டினேன்.

"இன்னா வேணுங்க?"

"எங்க ஆயாவும் அவங்களும் ஒண்ணா ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சாங்கம்மா."

பொய் என்று முடிவே கட்டிவிட்டேன். "அவங்க கைநாட்டுங்க. வேற வூடு பாருங்க."

"உன் புள்ளைய தூக்கிகினு போயி நான் இன்னா பண்றது? எங்க வூட்டுலயே மூணு கெடக்குது" என்று சிரித்தவர், ஒரு பழைய ஆல்பத்தைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.

பிரிந்து போகும் தோழிகள் ஆளுக்கொரு பக்கம் எழுதியது அது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலம். பஸ்ரா சண்டைக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றி ஒருத்தி, தானே நூற்ற கதர் நூலைப் பற்றி இன்னொருத்தி. ஒரு பக்கத்தில் மட்டும் முத்துமுத்தான எழுத்து:

"போகிற வீட்டுக்குப் படித்த பெண் ஆகாதாம். எழுதத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்பா சத்தியம் வாங்கிவிட்டார். இனி எனக்கும் சேர்த்து நீ எழுது. மங்களம், நைனார்பாளையம் போகிறவள்."

தன் பாட்டியின் நினைவுப் பொருளை, முன்பின் தெரியாத என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வெயிலில் நின்றிருந்தார். நான் அவசரமாகப் பூட்டைத் திறந்தேன்.

பிள்ளைக்காகச் சந்தேகப்பட்டதைத் தப்பென்று இன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அத்தனை வருடம் வீட்டுக்குள்ளிருந்த பொய்யை நம்பியவர்கள் நாங்கள். உண்மையைக் கொண்டுவந்தவரைத்தான் வாசலில் நிறுத்தினேன்.