தம்புசாமி அண்ணனின் கெட்டி அப்சோர்பர்

தம்புசாமி அண்ணன் முப்பத்தொரு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வேலையை விட்டு ஏழு வருடமாகிறது, ஆனாலும் மனிதர் இன்னும் லோரியை விட்டு இறங்கவில்லை. தன் பழைய சாகா காரில் ஏறும்போதுகூட படி தேடுகிறவர் மாதிரி காலைத் தூக்கித்தான் வைப்பார். வண்டி என்றால் கிண்ணென்று நிற்க வேண்டும், பாரம் ஏற்றினால் முதுகு வளையக்கூடாது. அவருக்குத் தெரிந்த வாகன சாஸ்திரம் அவ்வளவுதான். அவரோடு வாதாட யாராலும் முடியாது. நானும் வாதாடவில்லை, அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் சுகுமாறன். பண்டமாரானில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் சித்திரை வாக்கில் அண்ணன் வந்தார். பின்பக்க அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, ஸ்பிரிங்கும் தளர்ந்து, கார் பின்னால் உட்கார்ந்துவிட்டிருந்தது. பள்ளம் மேட்டில் விழுகிற அடியைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிற சாமான்தான் அப்சோர்பர்.

இரண்டு ஜோடி எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்று கார் கம்பெனியின் ஒரிஜினல். இன்னொன்று வெளியே செய்தது, பாரம் ஏற்றுகிறவர்களுக்கென்று கெட்டி ஸ்பிரிங்கோடு வருவது, விலையும் கூட. ஒரிஜினல்தான் சாமி, மற்றதெல்லாம் குப்பை என்று பேசுகிற ஆள் நானில்லை. வெளிச் சாமானிலும் நல்லது உண்டு. இதுவும் நல்ல சாமான்தான்.

அண்ணன் ஒரிஜினலை நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினார். அது அமுங்கியது.

“என்னா சுகு, பஞ்சு மாதிரி அமுங்குது? இதப் போட்டு என்னா ஆவப்போவுது?”

மற்றதை அழுத்தினார். லேசில் அசையவில்லை. முகம் தெளிந்தது. “இதான் சாமான். புஷ்பாவ ஏத்திட்டுப் போற வண்டி, நல்லதா இருக்கணும். இதையே போடு லா.”

“நல்லா உழைக்கும்ணே,” என்றேன். இன்னும் மூன்று வருடத்துக்குக் குறை சொல்லிக்கொண்டு வர மாட்டார் என்பது என் நினைப்பு. புஷ்பாவ ஏத்திட்டுப் போற வண்டி என்று மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார், என் காதில் அது ஏறவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புஷ்பவல்லி அக்கா அவருடைய மனைவி. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கிள்ளான் டவுனில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வெளியே வரும்போது நிற்கத் தெம்பிருக்காது. பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் வீடு வருவார்.

சாமானை மாட்டி நான் ஓட்டிப் பார்த்தேன், அண்ணன் பக்கத்தில். வளைவில் கார் சாயவே இல்லை. “கிண்ணுனு இருக்குடா,” என்றார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஓட்டிப் பார்ப்போம், முன்சீட்டிலிருந்து.

பதினொரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து ஓரத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். கார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். 

“அவ வரமாட்டேங்கிறா சுகு. போன வாரம் ரெண்டு நாள் போவல. நேத்தும் போவல. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. நாளைக்கும் விட்டா ஆள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ஏன் வேணாங்கிறாங்க?”

“அலுப்பா இருக்குங்கிறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. சாவணும்னு முடிவு பண்ணிட்டியான்னு கத்திட்டேன். அதுக்கும் பேசாம இருக்கா.” கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். “நீ சொன்னா கேப்பா. நாளைக்கு வாடா தம்பி.”

சனிக்கிழமை காலை போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ வந்துட்ட, என்னா பண்றது” என்று எழுந்தார். பேச்சுக் கொடுக்கலாமென்று நான் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் ஓட்டினார்.

அது லோரிகள் தின்று துப்பிய சாலை. முதல் பள்ளத்திலேயே என் பல்லோடு பல் மோதியது. தூக்கிப் போட்டு, இறங்கும்போது இடுப்பில் நேராக இடித்தது. பின்னால் எடையில்லாத காரில் பாரத்துக்கான ஸ்பிரிங்கை மாட்டினால் அது அடியை வாங்கிக்கொள்ளாது, உட்கார்ந்திருப்பவரிடமே கொடுத்துவிடும். இது எனக்குத் தெரியாதா? பட்டறையில் இருபத்தாறு வருடம் என்ன கிழித்தேனோ தெரியவில்லை.

அக்காவைப் பார்த்தேன். பள்ளம் வருவதற்கு முன்பே இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். அடுத்ததற்கும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டே செய்தார். எந்தப் பள்ளம் எங்கே என்று அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. இந்த நோயில் எலும்புவேறு வலுவிழந்துபோகும்.

“அக்கா, இதனாலதானா?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் முன்சீட்டைப் பார்த்துவிட்டு என் கையைத் தொட்டு, காதருகே குனிந்து சொன்னார். “அவர்ட்ட சொல்லாதப்பா. எனக்காகன்னு ஆசையா மாத்துனாரு. மிசின்ல கெடக்குறதுகூட ஒண்ணுமில்ல. திரும்பி வர்ற இந்தக் கால் மணி நேரத்த நெனச்சாதான் பயமா இருக்கு.”

நான் சொல்லவில்லை. அக்காவை டயாலிசிஸ் சென்டர் உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்ததும், “அண்ணே, சாவியக் குடுங்க. நீங்க பின்னால ஏறுங்க,” என்றேன்.

“எதுக்குடா?”

“ஏறுங்கண்ணே.”

வந்த வழியிலேயே ஓட்டினேன். வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முதல் பள்ளத்தில் “டேய், பாத்து” என்றார். இரண்டாவதில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதுக்குப் பிறகு கண்ணாடியில் அவர் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்காவைப்போலவே முழங்காலை மடக்கிக்கொண்டு சீட்டில் படுத்திருந்தார். அடுத்த பள்ளத்தை அப்படியே படுத்தபடி வாங்கிக்கொண்டார்.

“நிறுத்து,” என்றார்.

ஓரமாக நிறுத்தினேன். அவர் உடனே எழவில்லை. “சாவப் போறியான்னு கேட்டேன்டா அவள,” என்றார். அழுதார்.

“நான்தாண்ணே மாட்டிக் குடுத்தேன்.”

யார் தப்பு பெரிது என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நாலு மணி நேரத்தில் அரை மணி போயிருந்தது. டவுனில் ஹைதர் பாயின் கார் சாமான் கடையில் ஒரிஜினல் ஜோடி, ஸ்பிரிங்கோடு இருந்தது. பட்டறையில் அண்ணனே ஜாக் போட்டார், அவரே நட்டுகளைக் கழற்றினார். கெட்டியானதைத் துடைத்து ஓரமாக வைத்து, “பாரம் ஏத்துற எவனுக்காச்சும் குடு,” என்றார். வேலை முடிந்து ஓட்டிப் பார்க்க நான் முன்னால் ஏறியபோது, அவர் கேட்காமலே பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

அக்கா வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. பின்சீட்டில் சாய்ந்து, கையை ஊன்றத் தயாராக வைத்துக்கொண்டார். அண்ணன் ஓட்டினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பள்ளத்தில் கார் அமுங்கி எழுந்தது, இடிக்கவில்லை. இரண்டாவதிலும் இடிக்கவில்லை.

“என்னங்க,” என்றார் அக்கா. “ரோடு போட்டுட்டாங்களா?”

அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அக்கா அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஊன்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, “செவ்வாக்கிழமை போர்வை ஒண்ணு எடுத்து வைங்க, அங்க ரொம்பக் குளுருது,” என்றார்.