அப்பாவுக்கு வந்தது வேறு காய்ச்சல்

எங்கள் ஊருக்குள் கொரோனா வரவேயில்லை என்று இன்றைக்கும் பெருமையடிக்கிறார்கள். உண்மைதான், வரவில்லை. அதை வரவிடாமல் தடுத்ததில் செத்தது என் அப்பா ஒருவர்தான். அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன்.

நான் அப்போது கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தேன். வேறொரு கார்மென்ட்ஸில் நோய் கிளம்பிவிட்டது, எங்கள் விடுதியையும் பூட்டப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. பூட்டுவதற்கு முன் பையைத் தூக்கிக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ் பிடித்து எங்கள் சந்தியில் இறங்கினேன். நல்ல வெயில். சோடா ஒன்று குடிக்கலாம் என்று கடைப் பக்கம் திரும்பினால், என் பையையும் மாஸ்க்கையும் கண்ட கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினார். சின்ன வயதில் எனக்கு இனிப்புத் தந்த மனிதர் அவர்.

எங்கள் வீடுகளுக்குப் போகும் ஒழுங்கையின் வாயில் பனங்குற்றிகளால் அடைபட்டிருந்தது. மேலே இலந்தை முள். வெளியிலிருந்து ஒருவரும் வரக்கூடாது என்று ஊரே கூடிப் போட்ட தடை. குற்றிகளை இழுத்துவந்து போட்டவர் அப்பா. ஊரில் பாரமான வேலை என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் வாலை ஆட்டிக்கொண்டு போவார். இப்படிச் சொல்வதற்கு அம்மா என்னை ஏசுவார், ஆனால் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. எங்கள் ஆட்கள் மலைநாட்டுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டினார்கள். ஊரில் மற்றவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்கள். இரண்டு பேருமே வந்தேறிகள்தான். அவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் கிடைத்தது, எங்களுக்கு அந்த வயலில் கூலி வேலை கிடைத்தது.

குற்றிகளுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். "மெதுவா தாண்டி வா புள்ள, முள்ளு கிழிச்சிரும்" என்று கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்துத்தான் ஊருக்குள் வந்தேன். அதைப் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எனக்குப் பரிசோதனை எடுத்தார், வீட்டை விட்டு ஒருவரும் வெளியேறக் கூடாது என்று வாசல் படலையில் அறிவித்தல் ஒட்டினார். நோய் இல்லை என்று பிறகு மறுமொழியும் வந்தது. ஊர் நம்பவில்லை. "முதல்ல இல்லையெண்டுதான் காட்டும், பிறகுதான் வெளிக்கிடும்" என்று விளக்கம் சொன்னார்கள். எங்கள் ஊரில் திடீரென்று எல்லோரும் டொக்டர்கள். எங்களுக்குச் சொந்தக் கிணறு இல்லை. பொதுக் கிணற்றுப் பக்கம் போகாதே என்றார்கள். குடத்தை ஒழுங்கையில் வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நிற்க, வயல்கார அம்மா வந்து தன் குடத்தைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து எங்கள் குடத்துக்குள் ஊற்றுவார். பாதி வெளியே சிந்தும். அப்பா வேலை செய்யும் வயலின் சொந்தக்காரர் வீட்டு அம்மா அவர். அவர் போன பிறகு, "தங்கமான மனசு, இல்லாட்டி தண்ணிக்கு எங்க போறது" என்று என் அம்மா சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே வீட்டுக்கு அந்த வருடத் தொடக்கத்தில் சுவிஸிலிருந்து வயல்காரரின் மச்சான் வந்திருந்தார். ஐரோப்பாவில் ஆட்கள் சாகத் தொடங்கியிருந்த நேரம். அவர் வீடுவீடாகப் போய்க் கைகொடுத்தார், ஒழுங்கை முழுக்க சொக்லேட் கொடுத்தார். ஊர் சப்புக்கொட்டித் தின்றது. அந்தப் படலையில் யாரும் முள் கட்டவில்லை. அவர் பிளேனில் வந்தவர், நான் பஸ்ஸில் வந்தவள். கிருமி பஸ்ஸில் மட்டும்தான் ஏறும் போலிருக்கிறது.

மாரி தொடங்கி வயலெல்லாம் வெள்ளமாக நின்றது. சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வருடாவருடம் குளிசை கொடுப்பார்கள். அந்த முறையும் சனசமூக நிலையத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எங்களால் போக முடியாது. எங்கள் பங்கை வாங்கிவந்து படலையில் போடவும் ஒருவருக்கும் கை வரவில்லை. அப்பா வயலுக்கே போகாத ஆள் என்றால் அதுவும் பரவாயில்லை. ஒரு காலை வயல்காரர் ஒழுங்கையில் நின்று குரலைத் தாழ்த்தி அப்பாவைக் கூப்பிட்டார்.

"வரம்பு உடைஞ்சு கிடக்கு. பின் வளவால போய்க் கட்டிவிடு. ஒருத்தருக்கும் சொல்லாதை."

"அறிவித்தல் ஒட்டியிருக்குங்களே ஐயா" என்றார் அப்பா.

"வயலுக்க ஆர் இருக்கினம், உன்னட்டையிருந்து தொத்த? போ, போ."

கிணற்றில் பரவும் கிருமி வயலில் பரவாதாம். நான் போக வேண்டாம் என்று கத்தினேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் போய்விட்டார். நெல் அழுகினால் பாவம் என்றார், அந்த நெல் என்னவோ தன்னுடையது போல.

அதன் பிறகுதான் காய்ச்சல். குளிர் உதறியது. கெண்டைக்கால் இரண்டும் உளைகிறது, நிற்க முடியவில்லை என்றார். இருமல் இல்லை, தடிமன் இல்லை. கண் இரண்டும் செம்பரத்தம் பூவாகச் சிவந்து கிடந்தது. அம்மா பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், இது எலிக்காய்ச்சல் என்று. வேலிக்கு ஓடிப்போய், அடுத்த வளவிலிருந்த வயல்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, கண்ணு செவந்திருக்குங்க, காலு உளையுதாம். எலிக்காய்ச்சல்தாங்க. ஒங்க குளிசையில கொஞ்சம் குடுங்கம்மா."

"சும்மா கதை விடாதை. மகள் கொழும்பால கொண்டந்ததை எலியில போடுறாய். வேலியைப் பிடியாதை, கையை எடு!"

ஜன்னல் சாத்தும் சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது. அந்த ஊரில் எலிக்காய்ச்சல் வராத வருடம் இல்லை. வயல்காரருக்கே ஒரு முறை வந்து பிழைத்தவர். ஒரே ஒரு ஆள் எட்டி அப்பாவின் கண்ணைப் பார்த்திருந்தால் போதும். பார்க்க வந்தால்தானே.

நான் பி.எச்.ஐ.க்கும் அம்புலன்ஸுக்கும் மாறிமாறி போன் அடித்தேன். அன்று எத்தனை ஊருக்கு ஓடினார்களோ, வர நேரமானது. வந்த அம்புலன்ஸும் ஒழுங்கை வாயிலில் குற்றிகளுக்கு முன்னால் நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட சாரதி இறங்கி, "இதை விலத்துங்கோ" என்று கத்தினார். ஆண்கள் ஒரு கூட்டம் நின்றது. ஒருவரும் அசையவில்லை. "எங்கட வீடுகளைத் தாண்டி உது உள்ள வரக்கூடாது. வருத்தக்காரனை இங்க கொண்டரச் சொல்லுங்கோ" என்றார்கள்.

அப்பாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கொஞ்ச தூரம் தூக்குவோம், வைப்போம், மூச்சு வாங்குவோம், மறுபடி தூக்குவோம். நாங்கள் வர வர ஒவ்வொரு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அந்த ஒழுங்கையில் அப்பா கிடங்கு வெட்டாத, வேலி அடைக்காத வளவு ஒன்றுகூட இல்லை. கதிரையில் தலை தொங்கக் கிடந்தபடி அப்பா ஒவ்வொரு படலைக்கும் கை கும்பிட்டார். "மன்னிச்சுக்கிருங்க, ஒங்களுக்கெல்லாம் கஷ்டம்" என்றார். நான் வாழ்க்கையில் அப்பாவை வெறுத்தது அந்த ஒரு தடவைதான். செத்துக்கொண்டிருப்பவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? குற்றிகளுக்கு மேலால் அவரைத் தூக்கி இறக்கும்போது முள் முதுகைக் கிழித்தது. ஆண்கள் தள்ளி நின்று, "கவனம், கவனம்" என்று புத்தி சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. டொக்டர் போனில் பேசினார். "கொரோனா இல்லை பிள்ளை, எலிக்காய்ச்சல். நல்லாப் பிந்திப் போச்சு. கண்ணைப் பார்த்தாலே தெரியுமே, உங்கட ஊரில ஒருத்தரும் சொல்லேல்லையா?" அன்று மாலையே அப்பா போய்விட்டார். எனக்கும் அம்மாவுக்கும் மறுபடி எடுத்த பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. எங்கள் மறுமொழி மறுநாள் காலையில் என் போனுக்கு வந்தது.

அப்பாவுக்குக் கொரோனா இல்லை என்ற செய்தி நாங்கள் சொல்வதற்கு முன்பே ஊருக்கு எட்டியிருந்தது. சவப்பெட்டி வண்டி வருகிறதென்றதும் குற்றிகளை ஆண்களே இழுத்து ஓரமாகப் போட்டார்கள், நாங்கள் கேட்கக்கூட இல்லை. கொஞ்சப் பேர்தான் கூடலாம் என்று பி.எச்.ஐ. சொல்லியிருந்தும் முற்றம் நிறைந்துவிட்டது. எல்லோர் முகமும் தெளிந்திருந்தது. செத்த வீட்டில் அவ்வளவு நிம்மதியான முகங்களை நான் கண்டதில்லை. அம்மா என்னைத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்கள். வயல்கார அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"அழாதை பிள்ளை. நல்ல காலம், எலிக்காய்ச்சல்தான்."

நல்ல காலம் என்றார். நான் அழவில்லை. மாஸ்க்கை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பாவுக்குத்தான் அம்மா இல்லை. எனக்கு எடுத்ததுக்கு மறுமொழி இன்னும் வரேல்லை."

வயல்கார அம்மாவின் கை என் தலையிலிருந்து விலகிய வேகத்தை இப்போதும் நினைத்து ரசிப்பேன். வாய்க்குப் போன கோப்பைகள் பாதியில் நின்றன. ஒருவர் கொல்லைப் பக்கம் போய்த் துப்பினார். மாட்டை அவிழ்க்க வேண்டும், மருந்து அடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை ஞாபகம் வந்தது. முற்றம் வெறுமையாகிவிட்டது. என் போனில் இருந்த மறுமொழியை யாரும் கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை.

சவப்பெட்டி வண்டிச் சாரதியும் அவருடைய உதவியாளும் மட்டும் நின்றார்கள். அவர்களிடம் போனைக் காட்டினேன். சாரதி பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தூக்க இன்னும் ரெண்டு பேர் வேணுமே தங்கச்சி" என்றார்.

நான் தலைப்பக்கம் ஒரு மூலையைப் பிடித்தேன். அம்மா கால்பக்கம் வந்து குனிந்தார். எங்கள் ஆட்களில் பொம்பிளைகள் பெட்டி தூக்குவதில்லை. இத்தனை வருடம் ஊரோடு பல்லைக் கடித்துக்கொண்டு நல்லபடி இருந்ததெல்லாம் இந்த ஒரு நாளைக்காகத்தான் என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. பெட்டிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஒப்பனத் தூக்க நாலு ஆம்பளைங்க வந்திருந்தாங்க. வெரட்டிட்ட. இப்பச் சந்தோசமாடி?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

அம்மா அதுவரை அழாதவர். அப்போதுதான் அழத் தொடங்கினார். சாரதி, "தூக்குங்கோ" என்றார். தூக்கினோம்.