அவள் பார்க்காத மீன்

படகை ஓட்டுவது அவள். தண்ணீருக்குள் இறங்குவது அவள் கணவன். பவளப்பாறை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை அவன் கீழே கூட்டிக்கொண்டு போவான். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு செவிப்பறை கிழிந்துபோனதால், தலைக்குக் குளிக்கவே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவள் அவள். பிழைப்பு கடலில்தான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறதென்று கண்ணால் கண்டதில்லை.

கண்டதெல்லாம் அவன் வாயால்தான். மேலே வந்ததும் முதல் பேச்சு அந்தப் பெரிய மீனைப் பற்றியதாக இருக்கும். ஆள் நீளம், பச்சையும் நீலமுமாய் உடம்பு, தடித்த உதடு, நெற்றியில் பெரிய புடைப்பு.

"அப்படியே உங்கப்பாதான். 'எதுக்கு வந்தே'ங்கிற மாதிரி ஒரு பார்வை."

"எங்கப்பாவை இழுக்கலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!"

அதிலிருந்து மீனுக்கு மாமனார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. படகோரம் குனிந்து தண்ணீரைப் பார்ப்பாள். தன் முகம்தான் தெரியும். ஒரே ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இடையில் உயிர்மீன் வியாபாரிகள் வந்தார்கள். தூரத்து நகரத்து உணவகங்களில் கண்ணாடித் தொட்டியில் நீந்தவிட்டு, கேட்டவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க அந்த இன மீனுக்கு அப்படியொரு கிராக்கி. பாறை இடுக்கில் விஷத்தைப் பீய்ச்சி, மயங்கியதை அள்ளினார்கள். பவளம் வெளுத்துச் செத்தது. முட்டையிடும் வயதுக்கு வராததைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனாலும் அவன் மேலே வரும்போதெல்லாம் மாமனார் சௌக்கியம்தான்.

ஒருநாள் படகுத்துறையில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த, அவனைப் போலவே கடலுக்குள் இறங்குகிற இன்னொருவரிடம் பெருமையாகக் கேட்டாள்: "நெத்தி புடைச்ச பெரிய மீன் நேத்து உங்க கண்ணுலயும் பட்டுதாண்ணே?"

அவர் விழித்தார். "அது போய் ரொம்ப நாளாச்சேம்மா. உன் வீட்டுக்காரர் கண்ணு முன்னாடிதானே தூக்கிட்டுப் போனாங்க?"

மாலையில் படகைக் கழுவும்போது அவனிடம் கேட்டேவிட்டாள்.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "நீ ஆசையா என் முகத்தைப் பாக்கிறப்போ இல்லேன்னு எப்படிச் சொல்றது? சொல்லிக்கிட்டே இருந்தா, எனக்கும் அது அங்கேயே இருக்கிற மாதிரி இருந்துச்சு."

அன்றிலிருந்து மீன் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பிறகு அந்த மீனைப் பிடிக்கத் தடை வந்தது. வியாபாரிகளின் படகுகள் வேறு பக்கம் போயின. காலம் ஓடியது. ஒரு காலை அவன் மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே படகின் விளிம்பைப் பிடித்தான்.

"ஒண்ணு இருக்கு! விரல் நீளம்தான். கிளைப் பவளத்துக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டிருக்கு. நெத்தி இன்னும் புடைக்கவே இல்லை."

"நிஜமாவா?"

அவன் சத்தியம் செய்யவில்லை. கூட இறங்கியிருந்த வெளியூர்ப் பெண்ணைப் பார்த்தான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.

"அது பெரிசாக எவ்வளவு நாளாகும்?"

"நமக்கு முடி நரைச்சிடும்."

"நரைச்சா நரைக்கட்டும்" என்றாள் அவள்.

எல்லோரும் ஏறிய பிறகும் அவள் இஞ்சினைப் போடவில்லை. குஞ்சு ஒளிந்திருந்த இடத்தைத் தாண்டும்வரை துடுப்பாலேயே படகைத் தள்ளிக்கொண்டு போனாள்.