திராமனுக்கு நான் அனுப்பியவள்

இறந்தவர்களின் சொத்து யாரைச் சேர வேண்டும் என்று பார்க்கும் நீதிமன்றப் பிரிவில் எனக்குப் பல வருட வேலை. ஒஸ்லோவில் அந்தப் பிரிவில் தமிழ்ப் பெண்கள் இருவர் இருந்தோம். நான் ஒருவழியாகப் பிரிவுத் தலைவி ஆனேன். மற்றவள் முன்கவுன்டரில் இருந்தாள். கணவனையோ மனைவியையோ பறிகொடுத்து, எந்தப் படிவம் எதற்கென்று தெரியாமல் வருகிறவர்களை உட்கார வைத்து விளக்குவது அவள் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

கவுன்டரில் மற்றவர்களுக்காக மணிக்கணக்கில் பேசுவாள். தன் காரியம் என்று வந்தால் வாயில்லாப் பூச்சி. என் வீட்டுக்கு வந்தால், "நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அக்கா" என்பாள். அதைக் காதில் வாங்காமல் தட்டில் போடுவேன். பசியோடு சாப்பிடுவாள். எங்கள் ஆட்கள் முதலில் சொல்லும் 'வேண்டாம்' ஒரு கணக்கிலும் சேராது என்பது எனக்குத் தெரியாததா?

நான் தலைவியான வருடமே பிரிவை மாற்றியமைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கவுன்டரில் இருந்த மூவரில் இரண்டு பேர் போதுமாம். மூன்றாமவர் ஒஸ்லோவுக்கு வெளியே திராமன் நகரத்துக் கிளைக்குப் போக வேண்டும். யார் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில். இந்த நாட்டு முறைப்படி ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, தொழிற்சங்க ஆளையும் பக்கத்தில் வைத்து, விருப்பத்தைக் கேட்டுக் குறிப்பெழுத வேண்டும். மற்ற இருவரும் நோர்வேஜியர்கள். ஒருத்தி முழங்கால் வலி, நாய், பேரப்பிள்ளை என்று அடுக்கிக்கொண்டே போனாள். மற்றவர் மருத்துவரின் கடிதத்தோடு வந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டால் சொல்வது இங்கே வழக்கம்.

இவள் வந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு எந்த இடம் என்றாலும் பரவாயில்லை என்று நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளுடைய கணவர் பக்கவாதம் வந்து ஒரு வருடமாக, ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார். பகலில் உதவியாளர்கள் வந்து போனாலும் இவள் கையால் ஊட்டினால்தான் நாலு வாய் உள்ளே போகும். மூன்று மணிக்கு வேலை முடிந்தால் சுரங்க ரயில் பிடித்து நாலு மணிக்குள் அவரிடம் போய்விடுவாள். திராமன் என்றால் ஆறு மணியாகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தொழிற்சங்க ஆளுக்குத் தெரியாது. நான் எடுத்துச் சொல்வேன் என்றுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. தமிழச்சிக்குத் தமிழச்சி இடம் பிடித்துக் கொடுத்தாள் என்று கன்டீனில் கதைப்பார்களே என்று பயந்தேன். 'விருப்பம் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று குறிப்பெழுதிக் கையெழுத்து வைத்தேன். நேர்மையாக நடந்துகொண்டேன் என்று அன்று பெருமைகூடப் பட்டேன். வெறும் கோழைத்தனம் அது.

அவள் மறுபேச்சுப் பேசாமல் திராமனுக்குப் போய்வரத் தொடங்கினாள். தொலைபேசியில் கேட்டால், "ஓம் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பாள். அதையும் அப்படியே நம்பியதுபோலத் தொலைபேசியை வைத்துவிடுவேன்.

பனி கொட்டி ரயில்கள் பிந்திய ஒரு பின்னேரம், அவள் வழியில் இருக்கும்போதே கணவரின் உயிர் போய்விட்டது. உதவியாளர் புறப்பட்டுப் போயிருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். சனம் கலைந்த பிறகு குசினியில் அடுப்போரம் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் உம்மை அனுப்பியிருக்க மாட்டன்" என்றேன். அந்த நேரத்திலும் பழியை அவள்மேல் போட எனக்கு மனம் வந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தச் சங்கத்து மனுசனுக்கு முன்னால இவரின்ரை நிலைமையை என்னெண்டு சொல்லுறது அக்கா? நீங்கள் இருக்கிறியள்தானே எண்டு நினைச்சனான்."

இரண்டு மாதத்தில் அவள் கணவரின் கோப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. தெரிந்தவர்களின் கோப்பை நாங்கள் பார்க்கக் கூடாது. வேறொருவரிடம் கொடுப்பதற்கு ஒரு சிறு படிவம் நிரப்ப வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு நீங்கள் நெருக்கமானவரா என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.