பள்ளிக்கூடத்துக்குப் போன சீர்வரிசை

என் மாமாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். இதை யாரிடம் சொன்னாலும் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். வெளிமாநிலத்துக் குழந்தைகளின் கல்வி உரிமைக்காகப் பாடுபட்டவர் என்று மேடையில் வாசித்தார்கள். பாடுபட்டது உண்மைதான். எப்படிப் பாடுபட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மண்டபமே சிரித்திருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. திருப்பாதிரிப்புலியூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஆகையால் ஒரே அக்காவின் ஒரே மகளான என்மீதுதான் அவருடைய பிரியம் முழுவதும். எனக்குக் காது குத்தியபோது அவர் கொண்டுவந்த சீரைப் பற்றி அம்மா சொல்லிச் சொல்லி, தாய்மாமன் என்றால் எனக்காகவே பிறந்து வந்த ஒரு ஆள் என்று நம்பியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. ஒரிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வந்து, தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆறு பேரும் நாளெல்லாம் மணல் குவியலிலேயே கிடந்தார்கள். ஒருநாள் அதில் ஒரு பையன் காலில் கம்பி குத்திவிட்டது. மாமாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கட்டுப் போட்ட காலோடு அவனைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அப்படியே என் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆறு பேரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "டிசி கிடையாது, தமிழ் தெரியாது, கட்டடம் முடிஞ்சா மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டார். மாமா எத்தனை தடவை போனாலும் அதே கேள்விதான். இதற்குள் கட்டடத்தில் லிப்டுக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றுவிட்டது. பிள்ளைகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாமா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

விஜயதசமி வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள். காலையில் எங்கள் தெருவில் நாயனச் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், வாசித்தவர்கள் மாமாவின் கூட்டாளிகள். மாமா பட்டு வேட்டியில் இருந்தார். தட்டுத் தட்டாக வாழைப்பழம், கற்கண்டு, சிலேட்டு, யூனிஃபார்ம் துணி, எல்லாவற்றிலும் வெற்றிலை பாக்கு. அந்த ஆறு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் பொட்டோடு வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய அம்மாக்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எல்லாருக்கும் முன்னால், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு முதல் தட்டைத் தூக்கியவள் என் அம்மா. என் கையில் கற்கண்டுத் தட்டு திணிக்கப்பட்டது. பாதிக் கற்கண்டு வழியிலேயே குறைந்ததற்கு நான் பொறுப்பில்லை.

டீக்கடையிலிருந்து ஒருவர், "என்னா மச்சான், என்னா விசேஷம்?" என்று கத்தினார்.

"தங்கச்சி புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன். நீயும் வா மச்சான்!"

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்படியே சேர்ந்து சேர்ந்து, பள்ளிக்கூடத்து கேட்டுக்குப் போகும்போது பின்னால் பாதித் தெரு இருந்தது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வெளியே வந்தார். மேளதாளத்தோடு ஒரு சுமங்கலி தட்டை நீட்டினால் எங்கள் பக்கத்து மனுஷருக்கு யோசனை அப்புறம்தான் வரும், கை முதலில் போய்விடும். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். அதன் பிறகுதான் பிள்ளைகளைப் பார்த்தார். நாயனம் நின்றது.

"யாரு பொறுப்புன்னு கேட்டீங்களே சார்," என்றார் மாமா. "தாய்மாமன் வந்துருக்கேன்."

தலைமையாசிரியர் தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுக்க, அதுவும் விஜயதசமியன்று, யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உன் மைக் செட்டு குழாய விட உன் வாய் பெருசுய்யா," என்று சொல்லிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போனார். பரப்பி வைத்த பச்சரிசியில் ஆறு பேரின் விரலையும் பிடித்து அவரே எழுதவைத்தார். கடைசியாக எழுதிய குட்டிப் பெண், சொல்லிக்கொடுத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லை வீணாக்காமல் அவரையும் "மாமா" என்று கூப்பிட்டாள். அம்மா அழுதாள். எனக்குக் கோபம்தான். என்னைச் சேர்த்தபோது மேளம் எங்கே போயிற்று?

அதைக் கேள்விப்பட்டுத்தான் மறு வருஷம் சிதம்பரத்தில் ஒரு சங்கத்தார் கூப்பிட்டார்கள். மாமா எங்களையும் அந்தப் பிள்ளைகளையும் அம்மாக்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் மைக் வீல் என்று கத்த, மாமா பொன்னாடையோடு மேடையிலிருந்து குதித்து அதைச் சரிசெய்துவிட்டு வந்தார். பேசச் சொன்னபோது, வாழ்நாளெல்லாம் மைக்கோடு பிழைத்த மனுஷருக்குப் பேச்சு வரவில்லை. "புள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்க," என்று மட்டும் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என் உள்ளங்கை சிவந்துபோனது.

போட்டோ எடுக்கக் குடும்பத்தாரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் பறந்தேன். போனால், மாமாவின் இரண்டு பக்கமும் அந்த ஆறு பேர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு இடமில்லை. அப்போது அந்தக் குட்டிப் பெண் நகர்ந்து நின்று, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இங்க வா."

வந்து நின்றேன், உம்மென்று. என் மாமாவைப் பங்குபோட வந்தவள் என்பதற்கு மேல் அன்று அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கு அவர் மாமா என்றால், அவளுடைய அம்மா எனக்குச் சித்தி, அவள் எனக்குத் தங்கச்சி. அந்த முறை எனக்குப் பிடிபடப் பல வருஷம் ஆயிற்று. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த அவளுக்கு அது அன்றே தெரிந்திருந்தது.